நாலாவது உத்திரமும் கடுங்காப்பி வகையும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு வெகுகாலம் சும்மா இருந்தது. அதன் மூன்றாவது மாபெரும் கண்டுபிடிப்பு, நேராகப் பேசுகிற ஒருவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்கிற கலை. இந்தக் கலை கோத்தகிரிக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளியுள்ள பொன்னூஞ்சல் தேயிலைத் தொழிற்சாலையில், போன ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருபதுக்குத் தன் உச்சத்தை எட்டியது. பதினொன்று நாற்பதுக்கு அங்கிருந்து இரண்டடி கீழே இறங்கியது.

அந்த உச்சத்தில் நின்றவர் கீர்த்திவாசன். அன்னூர்க்காரர். தொழிற்சாலையின் 'பொறுப்பு' மேலாளர். பதினொரு மாதமாகப் பொறுப்பு. அந்தச் சொல் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற வரைக்கும் மேலாளர் பங்களாவின் சாவி கிடையாது, மாமனார் வீட்டில் முதல் பந்தி கிடையாது. முதலாளி ஒரு கையெழுத்துப் போட்டால் சொல் உதிர்ந்துவிடும். அந்தக் கையெழுத்துக்காகத்தான் மனிதர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவரைப் போல இதமான மனிதரை நீலகிரி பார்த்ததில்லை. 'இல்லை' என்ற சொல்லை அவர் கடைசியாக உச்சரித்தது பத்தாம் வகுப்பில், வராத நண்பனுக்காக வருகைப் பதிவின்போது. எதைச் சொல்வதானாலும் தொலைவிலிருந்துதான் தொடங்குவார். கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குப் போக வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் வரைக்கும் இறங்கி, குன்னூர் வழியாக ஏறி வருகிற ரகம். போய்ச் சேர்வதற்குள் எதற்குப் புறப்பட்டோம் என்பது மறந்துவிடும். பெரும்பாலும் அதுவே நல்லதாகவும் இருந்தது.

இப்படிப்பட்டவரின் பொறுப்பில்தான் சுமலதா வேலை பார்த்தாள். தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். மெக்கானிகல் டிப்ளமோ படித்தவள். மேல்மாடி அவள் கையில் இருந்தது. தோட்டத்திலிருந்து வரும் பச்சைக் கொழுந்தை அங்கே பரப்பி, விசிறி போட்டு வாட்டிய பிறகுதான் கீழே அரைக்க அனுப்புவார்கள். மாடி முழுக்க மரம். வெள்ளைக்காரன் போட்டது. அவன் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, மரம் மட்டும் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை, சுமலதா அலுவலகத்துக்குள் வந்தாள்.

"சார், மாடியில நாலாவது உத்திரம் உளுத்துப்போச்சு. ஸ்குரூ டிரைவர் மூணு இஞ்ச் உள்ள போகுது. முப்பது பேருக்கு மேல நின்னா இறங்கிரும். அந்த இடத்துல கொழுந்து போடாம காலியா வச்சிருக்கேன். ஆசாரிய வரச் சொல்லுங்க."

சொல்லி முடிக்கப் பன்னிரண்டு விநாடி ஆனது. கீர்த்திவாசனுக்கு மனசு புண்பட்டுவிட்டது. உத்திரத்துக்காக அல்ல. வணக்கம் சொல்லவில்லையே. மழை எப்படி, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று ஒரு வார்த்தை உண்டா? குறையைச் சரிக்கட்ட அவரே சாப்பிட்டாச்சா என்று விசாரித்தார். "உத்திரம், சார்," என்று சொல்லிவிட்டு அவள் படியேறிப் போய்விட்டாள்.

கீர்த்திவாசன் கடமை தவறாதவர். அன்றைக்கே கோயம்புத்தூரிலிருக்கும் முதலாளி ஆறுக்குட்டிக்குப் போன் போட்டார். முதலில் ஐயாவின் மூட்டு வலியை விசாரித்தார். அதற்குப் பிறகு பீளமேட்டில் மழை உண்டா என்பதை, அதற்கும் பிறகு பேரனுக்குக் காது குத்தியது ஆறிவிட்டதா என்பதை. இருபதாவது நிமிடத்தில் ஒருவழியாக மாடி வாசலை எட்டினார்.

"வந்துங்கய்யா, மாடி சம்பந்தமா அந்தச் சுமலதா ஒண்ணு சொல்லுதுங்க."

"என்னுங்க சொல்லுது?"

இந்த இடத்தில் கீர்த்திவாசனின் கண்முன் இரண்டு படம் ஓடியது. ஒன்றில் உத்திரம் மாற்றுவதற்காகத் தொழிற்சாலை பத்து நாள் மூடிக் கிடந்தது. இன்னொன்றில் அந்தச் சேதியைச் சொன்ன ஆளை ஆறுக்குட்டி நிமிர்ந்து பார்த்தார், அவர் கையிலிருந்த பேனா மூடிக்கொண்டது.

"ரொம்ப நேராச் சொல்லுதுங்கய்யா," என்றார் கீர்த்திவாசன்.

ஆறுக்குட்டி, நேராகப் பேசுகிறவர்களைச் சமாளிக்க இப்போது படிப்பு வந்துவிட்டது, நம் மருமகளே படித்திருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார். உத்திரத்துக்கு ஆசாரி கேட்கப் போன இடத்தில் இப்படியாக ஒரு நிபுணர் கிடைத்தார்.

மருமகள் கனிஷ்கா 'ஆளுமை வகை வல்லுநர்'. ஆறு வாரம் ஆன்லைனில் படித்துச் சான்றிதழ் வாங்கி, அதைப் பூஜை அறைக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தாள். உலகத்து மனிதர்கள் மொத்தம் நான்கே வகை என்பது அவளுடைய கொள்கை. பால், மோர், இளநீர், கடுங்காப்பி. பால் பொங்கும், மோர் சாந்தம், இளநீர் ஜாலி. கடுங்காப்பி இருக்கிறதே, அதுதான் சங்கடம். சர்க்கரை இல்லாமல் நேராகப் பேசும், எல்லாவற்றையும் அளந்து பார்க்கும், எண் இல்லாமல் வாய் திறக்காது. வாராவாரம் வீடியோவில் அவள் நடத்திய வகுப்பில், தேயிலைத் தொழிற்சாலையில் டீ வகை ஏன் இல்லை என்று வாட்ச்மேன் வீரையா கேட்டார். அவர் மோர் வகை என்று குறித்துக்கொள்ளப்பட்டது.

சுமலதா கடுங்காப்பி என்பதில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. அவளிடம் எப்படிப் பேசுவது என்று கனிஷ்கா விதிகள் அனுப்பினாள். வணக்கம், நலம் விசாரிப்பு கூடாது. உணர்ச்சி கூடாது. எண் சொல்ல வேண்டும். முடிவை அவர்களிடம் விட்டு, மூன்று வழி காட்ட வேண்டும். இதை அச்சடித்து, கழிப்பறைக் கதவு உட்பட ஏழு இடத்தில் ஒட்டினார்கள்.

தொழிற்சாலையே மாறிவிட்டது. வருகிறவர்களையெல்லாம் "வா சாமி" என்று கூப்பிட்டுப் பழகிய கேன்டீன் மருதாம்பாள், சுமலதாவைக் கண்டதும் விறைத்து நின்று, "டீ. ஒண்ணு. சூடு எண்பத்திரண்டு. குடிக்கலாம், குடிக்காம இருக்கலாம், அப்பறமாக் குடிக்கலாம்," என்று ஒப்பித்தாள். பாவம், அதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாப்பிட்டியா என்று கேட்காமல் ஒருத்திக்கு டீ கொடுப்பது அவளுக்குப் பெரும் பாவமாகப் பட்டது. வீரையா கேட்டைத் திறந்ததும் எத்தனை விநாடியில் திறந்தார் என்று அறிவித்தார்.

சுமலதாவோ திங்கட்கிழமைதோறும் வந்து ஆசாரி எப்போது வருவார் என்று கேட்டாள். கீர்த்திவாசனும் பயிற்சியை மீறாமல் பதில் சொன்னார்.

"ஆசாரி. ஒண்ணு, வரலாம். ரெண்டு, வராம இருக்கலாம். மூணு, பாக்கலாம்."

"மூணும் ஒண்ணுதான, சார்."

அவள் கணக்கு சரியாகவே இருந்தது. இத்தனை தெளிவாக நடந்த உரையாடல் அந்தத் தொழிற்சாலையின் சரித்திரத்திலேயே இல்லை என்று கீர்த்திவாசன் அறிக்கை அனுப்பினார். ஆறுக்குட்டி மகிழ்ந்துபோய், பயிற்சியின் நிறைவு விழாவுக்கு மருமகளோடு தானே நேரில் வருவதாகவும், மேடையிலேயே நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போடுவதாகவும் தகவல் சொன்னார். கீர்த்திவாசனின் மனைவி பங்களாவின் ஜன்னல்களை வெளியிலிருந்தே அளந்து திரைச்சீலைக்குத் துணி எடுத்துவிட்டாள்.

விழாவை எங்கே நடத்துவது? இலை நிறுக்கும் கொட்டகை ஒழுகும். கேன்டீனில் இருபது பேர் உட்காரலாம். வீடியோவில் ஒவ்வோர் இடமாகக் காட்டிக்கொண்டே போனபோது கனிஷ்காவின் கண்ணில் மாடி பட்டது. சுற்றிலும் கொழுந்து பரப்பியிருக்க, நட்டநடுவில் மட்டும் இடம் துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது. இரண்டு மாதமாக ஒரு கூடை இலைகூட விழாமல் சுமலதா காத்துவந்த இடம்.

"இவ்வளவு நல்ல இடத்த வச்சுக்கிட்டா யோசிக்கிறீங்க? யாரோ நமக்குன்னே ஒதுக்கி வச்ச மாதிரி இருக்குதுங்களே," என்றாள் கனிஷ்கா.

கீர்த்திவாசன் வாயைத் திறந்தார். "அருமைங்க," என்று வந்தது.

வெள்ளிக்கிழமை சுமலதா ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதில் இருந்தது இவ்வளவுதான்:

'1. மாடியில் நாலாவது உத்திரம் உளுத்துவிட்டது. ஸ்குரூ டிரைவர் மூன்று இஞ்ச் உள்ளே போகிறது.

2. நடுவில் முப்பது பேருக்கு மேல் நிற்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வருவோர் நாற்பத்து மூன்று.

3. கூட்டத்தை வேறு இடத்துக்கு மாற்றவும். அல்லது ஆளைக் குறைக்கவும். அல்லது கீழே முட்டுக் கொடுக்க எனக்கு இன்னும் நாற்பது மூட்டை தரவும்.'

கீர்த்திவாசனுக்கு மெய்சிலிர்த்தது. வணக்கம் இல்லை, உணர்ச்சி இல்லை, எண் இருக்கிறது, வழி மூன்று இருக்கிறது. பாடத்தில் படித்தது அப்படியே உயிர் பெற்று வந்திருக்கிறது. உடனே படம் பிடித்து கனிஷ்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அனுப்பியதில் அவருக்கு ஓர் உள்நோக்கமும் இருந்தது. படித்தால் அவர்களே புரிந்துகொள்ளப் போகிறார்கள், நாம் எதற்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்? பதில் இரண்டு நிமிடத்தில் வந்தது. உயர்த்திய கட்டைவிரல் ஒன்று. கீழே, 'சூப்பர் சாம்பிள்'.

சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாயிற்று என்று கீர்த்திவாசன் நிம்மதியாகச் சாப்பிடப் போனார். மறுநாள் சுமலதாவும் வீரையாவும் கழிவுத் தேயிலைத் தூள் மூட்டைகளைக் கீழ்த்தளத்தின் நடுவே இழுத்து அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். முதலாளி வருகிறார் என்றதும் பிள்ளைகள் தாங்களாகவே சுத்தம் செய்கிறார்கள் என்று பூரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. மாடி நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு எல்லாரும் அமர்ந்தார்கள். சுமலதா மட்டும் உள்ளே வரவில்லை. மாடிப்படியின் கடைசிப் படியில், கல் சுவரைப் பிடித்தபடி நின்றாள். கனிஷ்கா அதைச் சுட்டிக்காட்டி, இந்த வகையினர் குழுவோடு ஒட்ட மாட்டார்கள், விலகி நின்றே கவனிப்பார்கள் என்று விளக்கினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

மணி பதினொன்று இருபது. புரஜெக்டர் ஒளியில் சுவர் முழுக்க அந்தக் கடிதம் விரிந்தது.

கனிஷ்கா ஒரு குச்சியால் வரி வரியாகத் தொட்டுக் காட்டினாள். முதல் வரியில் 'மூன்று இஞ்ச்' என்பதைக் கவனிக்கச் சொன்னாள். நாமாக இருந்தால் 'கொஞ்சம்' என்றுதானே எழுதியிருப்போம்? ஆமாம் என்று நாற்பது தலை ஆடியது. இரண்டாம் வரியில் 'நாற்பத்து மூன்று' என்று இருக்கிறது, அது சரிதானா என்று சோதித்துப் பார்த்துவிடலாம் என்றாள். ஒவ்வொருவராக எழுந்து நின்று எண் சொன்னார்கள். முதலாளி ஒன்று, கனிஷ்கா இரண்டு என்று தொடங்கி, கடைசியில் மருதாம்பாள் எழுந்து "நாப்பத்தி மூணு" என்றபோது மாடி அதிரும்படி கைதட்டல் எழுந்தது. அதிரும்படி என்பது இங்கே அலங்காரத்துக்காகச் சொன்னதல்ல.

மருதாம்பாள் உட்காரவில்லை. சுவரையே உற்றுப் பார்த்தபடி நின்றாள்.

"ஏனுங்கம்மா, அதுல மாடி மாடின்னு எழுதியிருக்குதுங்களே. அது இந்த மாடிங்களா?"

"அக்கா, உள்ளடக்கத்துக்குள்ள போகாதீங்க. வடிவத்த மட்டும் பாருங்க," என்றாள் கனிஷ்கா பொறுமையாக.

மருதாம்பாள் வடிவத்தைப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தாள். பால் வகை, உணர்ச்சிவசப்படும் என்று அவள் பெயருக்கு நேரே எழுதினார்கள்.

அடுத்து ஆறுக்குட்டி எழுந்தார். பையிலிருந்து நிரந்தர உத்தரவை எடுத்தார், பேனாவின் மூடியைக் கழற்றினார், கீர்த்திவாசனைப் பக்கத்தில் வரச் சொன்னார். கீர்த்திவாசன் போய் நின்றார். காலுக்குக் கீழே ஏதோ முனகியது. அவருக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. படியில் நின்ற சுமலதா அவரை நேராகப் பார்த்தாள். 'இறங்குங்க' என்று ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல் அவர் நெஞ்சுக்குள் வந்து நின்றது. பேனா முனைக்கும் தாளுக்கும் நடுவே ஓர் அங்குலம்தான் இருந்தது.

கீர்த்திவாசன் மைக்கை வாங்கினார். பொன்னூஞ்சல் வரலாற்றிலேயே துணிச்சலான காரியம் அது.

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும், அம்மா அவர்களுக்கும் முதற்கண் என்னுடைய வணக்கமுங்க. காலையில காரமடை தாண்டி நல்ல மழைன்னு சொன்னாங்க, இருந்தும் சிரமத்தப் பாக்காம வந்தீங்க. ஐயாவுக்கு மூட்டு வலி வேற. பேரப்புள்ளைக்கும் இப்பத்தான் காது ஆறியிருக்குது. இந்த நேரத்துல நான் ஒண்ணு சொல்லோணும்னு நெனைக்கறனுங்க. தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க. என்னன்னாங்க, இப்ப நாம நிக்கறோம் பாத்தீங்களா, இந்த மாடி—"

மாடி அவரை முடிக்க விடவில்லை. அதுவும் கடுங்காப்பி வகை போலிருக்கிறது. ஒரே சொல்லில் பேசிவிட்டது.

நாலாவது உத்திரம் முறிந்தது. பலகையும் நாற்காலியும் நாற்பத்திரண்டு பேரும் ஒருசேர இறங்கினார்கள். ஆனால் இரண்டடிதான். அதற்குக் கீழே மூட்டைகள் இருந்தன. வரிசை வரிசையாக, ஏறக்குறைய உத்திரம் வரைக்கும் அடுக்கியிருந்த கழிவுத் தூள் மூட்டைகள். அவை வெடித்துக் கிளம்பிய பழுப்புப் புகையில் கொஞ்சநேரம் யார் பால், யார் மோர் என்று தெரியவில்லை. எல்லாருமே டீ வகையாக இருந்தார்கள். தும்மல் மட்டும் கேட்டது. ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

புகை அடங்கியபோது ஆறுக்குட்டி ஒரு மூட்டையின்மேல் வேட்டி பழுப்பேறி உட்கார்ந்திருந்தார். சுமலதா படியிறங்கி வந்து ஒவ்வொருவராகக் கை கொடுத்து இறக்கிவிட்டாள். ஆறுக்குட்டி அவள் கையை விடாமல் கேட்டார்.

"ஏனம்மிணி, இதைய முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல?"

சுமலதா மேலே கை காட்டினாள். புரஜெக்டர் சுவரோரம் இருந்ததால் விழவில்லை. உடைந்த மாடிக்கு மேலே, சுவரில், கடிதம் இன்னும் பளிச்சென்று இருந்தது. ஆறுக்குட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று வரியையும் முதல்முறையாகப் படித்தார்.

"கையெழுத்து நல்லாருக்குது," என்றார்.

கீழே இத்தனை மூட்டை அடுக்கியவள் இரண்டடி ஏன் பாக்கி விட்டாள் என்றும் கேட்டார்.

"மூட்டை தீந்துபோச்சு. நாப்பது கேட்டிருந்தேன்."

விபத்தை விசாரிக்க ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. அந்த ஒரு நபர் கீர்த்திவாசன். அவருடைய அறிக்கை இருபத்தொரு பக்கம் வந்தது. முதல் பத்தொன்பது பக்கம் நலம் விசாரித்தது. இருபதாம் பக்கம், பயிற்சி முழு வெற்றி என்றும், ஊழியர்கள் அனைவரும் கடிதத்தின் வடிவத்தைப் பிழையின்றிப் புரிந்துகொண்டார்கள் என்றும் கூறியது. கடைசிப் பக்கம், ஒருவர்மீதும் குற்றமில்லை என்று முடித்தது. அதற்குக் கீழே ஒரே ஒரு சிறு குறிப்பு இருந்தது. கழிவு மூட்டைகளை அனுமதியின்றி இடம் மாற்றிய வகையில் சுமலதாவிடம் விளக்கம் கேட்கலாம்.

யார் மனமும் நோகாமல் எழுதியிருக்கிறார் என்று ஆறுக்குட்டி நெகிழ்ந்துபோய், தூள் படிந்த அந்த நிரந்தர உத்தரவிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். 'பொறுப்பு' உதிர்ந்தது. ஆசாரியும் வந்தார். நாலாவது உத்திரத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போனார், அதற்கு மட்டும்தான் உத்தரவு.

மேலாளர் கீர்த்திவாசன் சுமலதாவை அறைக்கு அழைத்தார். மாடிக்கு நேர் கீழே, ஓரமாக இருந்தது அந்த அறை.

"மெமோ. ஒண்ணு. பதில், மூணு நாளுல," என்றார், விதி பிசகாமல்.

அவள் வாங்கிப் படித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பிறகு ஒரு தாளை மேசையில் வைத்தாள்.

"ரெண்டாவது உத்திரமும் உளுத்துப்போச்சு, சார். ரெண்டு இஞ்ச் போகுது."

"அதெங்கீங்க இருக்குது?" கீர்த்திவாசனுக்கு விதியெல்லாம் மறந்துவிட்டது.

சுமலதா நிமிர்ந்து பார்த்தாள். "உங்க நாற்காலிக்கு நேர் மேல."

கீர்த்திவாசன் தாளை எடுத்துப் படித்தார். மூன்றே வரி. எண் இருந்தது, வழி மூன்று இருந்தது. அருமையாக எழுதியிருக்கிறாய், பார்க்கலாம் என்று வாயாரப் பாராட்டி அனுப்பிவைத்தார். அவள் போனதும் எழுந்து கதவைச் சாத்தினார். யாரையும் கூப்பிடாமல், ஒரு பயிற்சியும் இல்லாமல், மேசையையும் நாற்காலியையும் தானே இழுத்து நான்கு நிமிடத்தில் ஜன்னலோரம் போட்டுக்கொண்டார். பிறகு வீரையாவைக் கூப்பிட்டு, காலியான இடத்தில் ஒரு பெஞ்சைப் போடச் சொன்னார். குறை சொல்ல வருகிறவர்கள் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டுமல்லவா.